சொல்லுக்குச் சொல் போதுமா?

சென்ற ஆண்டு அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்கென நான் எழுதிய கட்டுரையொன்றிலே, தென்னாபிரிக்காவின் இனவொதுக்கல் ஆட்சிக்கு ஐக்கிய நாடுகள் சபை 'அங்கீகாரம்' வழங்கியதாக ஒரு வாக்கியம் இடம்பெற்றுவிட்டது. உண்மையோ இதற்கு நேர்மாறானது. 1977 ஆம் ஆண்டிலே பாதுகாப்புச் சபை அவ்வாட்சிக்கு எதிராகக் கட்டாய ஆயுதத் தடையை விதித்தது. நான் வாசித்த ஆங்கில நூலிலே இருந்த சொல் 'சாங்ஷன்' என்பதாகும். என் கையிலிருந்த சட்டைப்பை அகராதி அதற்கு 'அனுமதி, அங்கீகாரம்' என்று மட்டுமே பொருள் தந்தது. நான் அதனை அப்படியே நம்பினேன். பிழை என்னுடையதே. ஆயினும், இத்தகைய பிழையைச் செய்துகொண்டே ஒருவர் பட்டதாரியாகிவிடவும் கூடும் என்பதே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1960 களின் தொடக்கத்திலிருந்து எமது நாட்டின் கலைப்பீடங்களிலே தாய்மொழி வாயிலாகக் கல்வி நடைபெற்று வந்துள்ளது. அது நியாயமான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாம் கற்கும் பாடங்களின் மூலநூல்களிற் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இவ்விடைவெளியை நிரப்புவதற்கு எமக்குக் கிடைத்தவை எவை? அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள், சிறிய இருமொழி அகராதிகள், இப்பொழுது கைத்தொலைபேசி. இவற்றை இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. கலைச்சொற்றொகுதி தன் பணியைச் செய்தது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை ஈடாக வைப்பதே அதன் பணி. பொருளை விளக்குவது அன்று. கைத்தொலைபேசியோ ஒரு வாக்கியம் முழுவதையும் நொடியிலே தமிழாக்கித் தருகின்றது. எந்தப் பொருளைத் தெரிந்தது, எதனை விலக்கியது என்பதை மட்டும் அது எமக்குச் சொல்வதில்லை.

நல்ல ஆங்கில - ஆங்கில அகராதியொன்றிலே அதே 'சாங்ஷன்' என்ற சொல்லைப் பின்னர் தேடிப் பார்த்தேன். புனிதமாக்குதல், உறுதிப்படுத்துதல் என்ற கருத்துடைய இலத்தீன் வினையடியிலிருந்து அது பிறந்தது. தொடக்கத்தில் சட்டத்தையே குறித்தது. பின்னர் சட்டத்தை மீறினோருக்குரிய தண்டனையையும், அதிகாரமுடையோர் வழங்கும் ஒப்புதலையும் குறிக்கலாயிற்று. ஒரே வேரிலிருந்து எதிரெதிரான இரு கிளைகள் எவ்வாறு தோன்றின என்பது அப்பதிவினை வாசித்தபொழுதே விளங்கியது. அரைப் பக்கம் வாசித்ததிலே சட்டம் பற்றி நான் கற்றது, மனப்பாடம் செய்த பல பக்கக் குறிப்புகளிலே கற்றதிலும் அதிகம்.

இத்தகைய அகராதி இலேசிலே உருவாகவில்லை. இலண்டன் மொழியியற் கழகம் 1857 இலே தொடங்கிய சிந்தனை, 1884 இலே முதற் பகுதியாக வெளிவந்து, 1928 இலேதான் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியாக நிறைவெய்தியது. அதன் தலைமைப் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் மறே அதனைக் காணாமலே 1915 இற் காலமானார். 4 இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களை அது காட்டியது. ஒரு சொல்லின் பொருளை அதிகாரத்தாலன்றி ஆதாரத்தாலே நிறுவுவது என்பதே அதன் கொள்கை. ஆய்வு மனப்பான்மை என்று விரிவுரை மண்டபங்களிலே நாம் அடிக்கடி கேட்பது இதுவேயன்றி வேறில்லை.

'இது ஆங்கில மோகம்' என்று சில நண்பர்கள் கூறுவர். அவர்கள் மறந்த வரலாறு ஒன்றுண்டு. பீற்றர் மார்க் றோஜெற் என்ற மருத்துவர் ஆங்கிலச் சொற்களைக் கருத்துவகையாகத் தொகுத்துத் தமது சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852 இலேயே. திவாகரமும் பிங்கலமும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. சூடாமணி நிகண்டின் பன்னிரு தொகுதிகளையும் எண்ணிப் பாருங்கள். தேவப்பெயரிலே தொடங்கி மக்கள், விலங்கு, மரம், இடம் என்று வகுத்துச் செல்லும் அந்நூல், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பதினோராந் தொகுதியிலே தனியே வைத்தது. அந்நிகண்டுக்கு உரை அச்சிட்டு 1849 இலே வெளியிட்டவர் ஆறுமுக நாவலர். திண்ணைப் பள்ளியிலே நிகண்டை மனனஞ் செய்த சமூகத்தின் வழிவந்தோர், சொல்லைத் துருவிப் பார்ப்பதை அந்நியப் பழக்கம் என்பது வேடிக்கையாகவே உள்ளது. ஆங்கிலத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு தமிழில் எழுதுவதால் தமிழ் வளராது, பிழையே வளரும்.

சொற்களஞ்சியத்தை அலங்காரப் பெட்டியாகக் கருதுவோரும் எம்மிடையே உளர். ஆங்கிலக் கட்டுரையிலே எளிய சொல் ஒன்றைக் கண்டால் அதனை அகற்றிவிட்டு, பட்டியலிலே மிக நீண்டதாகத் தெரியும் சொல்லை வைப்பர். 'புகழ்பெற்ற' எழுத்தாளர் ஒருவரை 'நொட்டோரியஸ்' ஆக்கிய கட்டுரையை நான் அறிவேன். பாவம், அவ்வெழுத்தாளர் செய்த குற்றம் யாதென வாசகர் தேடியிருப்பர்! றோஜெற் தமது நூலிலே சொற்களை அருகருகே வைத்தாரேயன்றி, அவை யாவும் ஒன்றே எனக் கூறவில்லை. மனத்திலே ஒரு கருத்தை வைத்துக்கொண்டு அதற்குரிய சொல்லைத் தேடுவோருக்கே அது பயன்படும். தேடிக் கண்ட சொல்லை மீண்டும் அகராதியிலே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஒன்றின்றி மற்றையது ஆபத்தானது.

இனி, நாம் கேட்கவேண்டியவை. நல்ல அகராதி ஒன்றின் விலை மாணவருட் பலருக்கு எட்டாதது. நூலகப் பிரதியோ உசாத்துணைப் பகுதியை விட்டு வெளியே வராது. எனவே ஒவ்வொரு விடுதியின் வாசிப்பறையிலும், அயல்மொழியாளருக்கென ஹோண்பி ஆக்கித் தந்த வகையைச் சேர்ந்த அகராதி ஒன்றும், றோஜெற்றின் களஞ்சியம் ஒன்றும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியமும் வைக்கப்படல் வேண்டும். முதலாம் வருட ஆங்கில வகுப்பிலே வெற்றிடம் நிரப்பும் பயிற்சிகளைச் சற்றுக் குறைத்து, அகராதிப் பதிவொன்றை எவ்வாறு வாசிப்பது என்று இரண்டு வாரமாவது கற்பித்தல் வேண்டும். விரிவுரையாளர்கள் சொல்லித்தரும் குறிப்புகளோடு, அக்குறிப்புகள் பிறந்த ஆங்கிலப் பந்தியையும் எமக்குத் தரவேண்டும். அப்பந்தி எம் கைக்கு வராதவரை நாம் அவர்களுடைய அகராதியையே நம்பி வாழ்கின்றோம் என்பதை அவர்களும் அறிவர்.

மொழிபெயர்ப்பு வினாத்தாளுக்கேனும் பரீட்சை மண்டபத்தினுள் அகராதியை அனுமதிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. அவ்வாறாயின் ஒன்றும் கல்லாதவரும் சித்தியடைந்துவிடுவர் என்று அஞ்சுவோர், 'சாங்ஷன்' என்ற சொல் உள்ள ஒரு பந்தியை வினாத்தாளிலே இட்டு, அகராதியையும் மேசையிலே வைத்துப் பார்க்கட்டும்.