யாருடைய ஆபத்து?

அமெரிக்க டிராக் பந்தய வட்டாரத்தில் ஒரு வாதம் இன்றும் ஒலிக்கிறது: கார் தன்னுடையது, கால் தன்னுடையது, ஆகவே பாதுகாப்பு பெல் ஹவுசிங் பொருத்துவதும் தவிர்ப்பதும் தன் உரிமை என்பதே அது. சுதந்திரத்தின் மொழியில் பேசும் இவ்வாதம் இயற்பியலின் முன் நிற்காது.

ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடி, எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் உறையே பெல் ஹவுசிங். காருடன் வரும் வார்ப்பு அலுமினிய உறை இணைப்புக்காக உருவானது; சிதறலைத் தடுக்க அன்று. 30 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் நிமிடத்திற்கு 8,000 முறை சுழன்றால், அதன் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 450 கி.மீ. அது உடைந்தால் துண்டுகள் ஓட்டுநரின் பாதத்தை மட்டும் தேடிச் செல்வதில்லை. பக்கவாட்டில் பார்வையாளர் வரிசையும் இருக்கிறது.

1970இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தடத்தில் டான் கார்லிட்ஸின் காரில் கியர்பாக்ஸ் வெடித்தது. அவர் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். பார்வையாளர் ஒருவரும் படுகாயமுற்றார். அந்தப் பார்வையாளரிடம் ஒப்புதல் கேட்டவர் யார்?

கால் மைலை 11.49 நொடியிலோ அதற்குள்ளோ கடக்கும் கிளட்ச் கார்களுக்கு எஸ்.எஃப்.ஐ. தரச்சான்று பெற்ற உறையை என்.எச்.ஆர்.ஏ. கட்டாயமாக்கியுள்ளது. விதிக்குப் பணிவோரிலும் சிலர் புகைக்குழாய்க்கு இடம் தேடி அவ்வுறையை வெட்டுகின்றனர்; சில போல்ட்டுகளைப் பூட்டாமல் விடுகின்றனர். முழு உறைக்குத் தரப்பட்ட சான்று வெட்டப்பட்ட உறைக்குப் பொருந்தாது. தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவரின் விருப்பமாகலாம். பிறர் உயிரை வைப்பது எவருடைய உரிமையும் அன்று.