இருக்கையிலிருந்து எழுதப்படும் விமர்சனம்

இலக்கியப் படைப்பொன்றை மதிப்பிடப் புகுபவர் அதன் சொல்லழகையும் அணிநலத்தையும் மாத்திரம் எடுத்துக்காட்டி, அது யாருடைய வாழ்வைப் பேசுகிறது, யாருடைய வாழ்வை மறைக்கிறது என்ற வினாவை எழுப்பாது விடுவாராயின், அதனை விமர்சனம் என நாம் ஒப்புவதில்லை. ரசனை என்போம், சில வேளைகளில் விளம்பரம் என்றே சொல்வோம். மோட்டார் வண்டிகளைப் பற்றிய விமர்சனங்களுக்கும் இதே அளவுகோலைப் பிரயோகித்தல் வேண்டும். இலக்கிய ஏட்டில் வண்டிக்கென்ன வேலை என வினவும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம்: இன்றைய நடுத்தர வர்க்கத்தின் கனவுகளை வளர்ப்பதில் எமது சிறுகதைகளைவிட வாகன விமர்சனத்துக்கே செல்வாக்கு அதிகம்.

'நடுத்தர அளவிலான சொகுசுக் குடும்ப வண்டி' எனப் போற்றப்படும் எஸ்.யு.வி. வகையை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னோடிகளுள் ஒன்று லெக்சஸ் ஆர்.எக்ஸ். ரொயோட்டா நிறுவனம் இதனை 1997இல் ஜப்பானில் ஹரியர் என்ற பெயரிலும், 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் லெக்சஸ் என்ற பெயரிலும் விற்கத் தொடங்கியது. (ஹரியரை எமது வாசகரும் அறிவர், அதில் ஏறிச் சென்றோரைவிட அதற்கு ஒதுங்கி வழிவிட்டோரே அவர்களுள் அதிகம்.) விமர்சகர்கள் இத்தகைய வண்டியை எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? இருக்கைத் தோலின் மென்மை, பின்னால் கால் நீட்ட உள்ள இடம், உள்ளே நிலவும் அமைதி, திரையின் அகலம் என ஒவ்வொன்றுக்கும் புள்ளியிடுகின்றனர். அவர்கள் கூறுவது பொய்யுமன்று. ஆர்.எக்ஸ். பழுதின்றி நெடுங்காலம் உழைக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் விமர்சகர் ஒருபோதும் இருக்கையை விட்டு இறங்குவதில்லை.

இறங்கியிருப்பின், இவ்வண்டி வகையை வளர்த்துவிட்ட சட்டத்தை அவர் கண்டிருப்பார். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1975இல் அமெரிக்கா எரிபொருட் சிக்கனச் சட்டமொன்றை இயற்றியது. அதன் வழியே பயணிகள் கார்களுக்கு ஓர் அளவும், சுமையேற்றும் இலகு லொறிகளுக்குத் தளர்ந்த வேறோர் அளவும் விதிக்கப்பட்டன. ஆர்.எக்ஸ். அங்கே சந்தைக்கு வந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியாக அமெரிக்கக் கலன் ஒன்றுக்கு 27.5 மைல் ஓடவேண்டும். இலகு லொறிகளுக்கோ 20.7 மைல் போதும். கம்றி என்ற சாதாரணக் காரின் அடித்தளத்தைத் தழுவி எழுந்த ஆர்.எக்ஸ். சட்டத்தின் கண்ணில் லொறியாயிற்று! கமக்காரனுக்கும் கைவினைஞனுக்கும் விடப்பட்ட சலுகையில், நகரத்துச் சீமான் தோலிருக்கையோடு ஏறி அமர்ந்துகொண்டான். போதாக்குறைக்கு, இவ்வளவுகளை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தையும் 2025 ஜூலையில் அந்நாடு பூச்சியமாக்கிவிட்டது.

அடுத்து, பாதுகாப்பு. பிள்ளைகளின் உயிருக்கு அஞ்சி உயரமான, பாரமான வண்டியை நாடும் தாயை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் 'குடும்ப வண்டி' என்னும்போது எந்தக் குடும்பம் கருதப்படுகிறது? பாதசாரிகள் மோதுண்ட ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு மேற்படாது சரிந்த முகமுடைய வண்டிகளைவிட, மோதியவரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 வீதம் அதிகமென அது கண்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், முகம் செங்குத்தாயின் ஆபத்து 26 வீதம் கூடுகிறது. அந்நாட்டில் 2009இல் 4,100 பாதசாரிகள் அளவில் இறந்தனர். 2022இல் 7,500க்கு மேல். இவ்வுயர்வு முழுவதையும் இவ்வண்டிகளின் மீது சுமத்துதல் நேர்மையாகாது. வேகத்துக்கும் இருளுக்கும் வீதியமைப்புக்கும் பங்குண்டு. ஆயினும் ஐரோப்பிய மதிப்பீட்டுத் திட்டம் 1997 முதலே பாதசாரியையும் கணக்கிற் கொண்டிருக்க, அமெரிக்க நட்சத்திரப் புள்ளிகள் நெடுங்காலம் உள்ளிருப்போரை மட்டுமே எண்ணி வந்தன என்பதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? நடைபாதையற்ற வீதியோரமாக எமது வகுப்புகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கும் குடும்பங்கள் உண்டு.

விஞ்ஞானம் இதற்கும் வழி கண்டுவிட்டது, கலப்பு எந்திரம் வந்துவிட்டது என்பர் சிலர். வந்தது உண்மையே. ஆர்.எக்ஸ். 350எச் கலனுக்கு 36 மைல் ஓடுகிறது; அதே நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுப் பிரியஸ் 57 மைல் வரை ஓடுகிறது. ஏறக்குறைய இரண்டு தொன் பாரத்தை இழுப்பதிலேயே விஞ்ஞானம் ஈட்டிய பலனிற் பெரும்பங்கு கரைந்துபோகிறது. இக்கணக்கை விமர்சகர் போடுவதில்லை.

இது எங்கோ நடக்கும் கதையெனக் கொள்ளவேண்டாம். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். ஒரு முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு இத்தனை லீற்றர் என அளந்து கொடுத்த நாடு இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. வரி கடுமையானதுதான், ஆனால் கடன்பட்ட நாட்டின் அந்நியச் செலாவணி எதற்காகச் செலவாகிறது என்ற கேள்விக்கு வரி மாத்திரம் விடையாகாது.

பாரிஸ் நகரத்தார் 2024 பெப்ரவரியில் இக்கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டனர். 1.6 தொன்னும் அதற்கு மேலும் எடைகொண்ட பெற்றோல், டீசல் வண்டிகளில் வெளியிலிருந்து வருவோர், நகர மையத்தில் அவற்றை நிறுத்த மணிக்கு 18 யூரோ செலுத்தவேண்டும் என்பது முன்மொழிவு. வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு எனப் பத்திரிகைகள் எள்ளின. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஆமென்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் கட்டணம் நடைமுறைக்கு வந்தது.