காயம் பட்டும் சீழ் பிடிப்பதில்லையே, ஏன்? தோல் தானே தயாரிக்கும் கிருமிக்கொல்லிகள்

காய் நறுக்கும்போது விரலில் ஒரு வெட்டு, சவரம் செய்யும்போது கன்னத்தில் ஒரு கீறல். தினம் நடக்கிற சங்கதிதான். நம் தோல் மேல் கோடிக்கணக்கான கிருமிகள் எப்போதும் குடியிருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தச் சின்னக் காயங்களில் பெரும்பாலானவை சீழ் பிடிக்காமலே ஆறிவிடுகின்றன. தோல் ஒரு சுவர், அதனால் கிருமி உள்ளே வராது என்றுதான் பள்ளியில் படித்தோம். சரி, சுவரில் ஓட்டை விழுந்த பிறகும் கிருமி ஜெயிக்கவில்லையே?

இதே கேள்வி 1980-களில் அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஸாஸ்லாஃபுக்கும் வந்தது. ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி, தையல் போட்டு, மறுபடி தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அது ஒன்றும் சுத்தமான தண்ணீர் இல்லை. ஆனாலும் காயம் பழுக்கவே இல்லை. தேடிப் பார்த்தால், தவளையின் தோலிலேயே கிருமிகளைக் கொல்லும் சிறு மூலக்கூறுகள் இருந்தன. 1987-ல் அதை வெளியிட்டு, ‘மகாய்னின்’ என்று பெயர் வைத்தார். ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

நம் தோலிலும் இதே வகைச் சரக்கு உண்டு. இவற்றுக்குப் பெப்டைட் என்று பெயர். குட்டிப் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 அமினோ அமிலங்கள் கோர்த்த ‘எல்எல்-37’ ஒன்று, ‘டிஃபென்சின்’ குடும்பம் இன்னொன்று. வியர்வையிலேயே ஒன்று கலந்து வருகிறது. ‘டெர்ம்சிடின்’ எனப்படும் அதை 2001-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். வியர்வையை வெறும் உப்புத் தண்ணீர் என்று நினைத்தவர்களுக்கு அது ஆச்சரியம்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. இவற்றில் பெரும்பாலானவை நேர்மின்சுமை கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்சுமை கொண்டது. ஈர்ப்பில் போய் ஒட்டிக்கொண்டு, உறையைக் குலைத்துவிடுகின்றன. நம் செல்களின் வெளிப்பக்கத்தில் அந்தச் சுமை அநேகமாக இல்லை. அதனால் நமக்குப் பெரிதாகச் சேதம் இல்லை.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கரப்பான் (எக்ஸிமா), சோரியாசிஸ் இரண்டிலும் தோல் சிவந்து வெடிக்கிறது. ஆனால் கரப்பான் புண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அடிக்கடி புகுந்து சீழ் வைக்கும். சோரியாசிஸில் அது அபூர்வம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைக் காட்டியது: சோரியாசிஸ் தோலில் இந்தப் பெப்டைட்டுகள் ஏராளம், கரப்பான் தோலில் குறைவு. அதற்காக, அதிகம் இருந்தால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. எல்எல்-37 நம் சொந்த டிஎன்ஏவோடு சேர்ந்து, நோய் எதிர்ப்பு அமைப்பைத் தேவையில்லாமல் உசுப்பிவிடுவதும் சோரியாசிஸில்தான்.

இங்கேதான் நம் ஊர் மருந்துக்கடைப் பழக்கம் குறுக்கே வருகிறது. “அண்ணே, அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்க” என்றால் கைக்கு வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த ட்யூப். படர்தாமரையில் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனால் அடங்கியது பூஞ்சை இல்லை, தோலின் எதிர்ப்பு. பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். உடலே சுரக்கும் ஸ்டீராய்டு மன அழுத்தத்தால் கூடினால்கூட இந்தப் பெப்டைட்டுகள் குறைந்து, தோல் தொற்று கடுமையாவதை 2007-ல் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. சட்டம் வந்தது, கேட்டால் கொடுக்கிற வழக்கம் போகவில்லை.

ஸ்டீராய்டு வில்லன் அல்ல. கரப்பானுக்கு டாக்டர்களே எழுதித் தருகிறார்கள், ஆனால் வீரியமும் நாள் கணக்கும் பார்த்து. வீட்டில் இருக்கும் ட்யூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் தோல் இன்னும் சிவந்து எரியலாம். நிறுத்துவதையும் தோல் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.