அம்மாவின் ஆறு மாதம்

என் அம்மா பூ கட்டி விற்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, பூக்கூடையோடு பைபாஸ் சாலையைக் கடக்கும்போது வேன் ஒன்று இடித்துத் தள்ளியது. இடது தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். தெருத்தெருவாகக் கூடை சுமந்தவர் சுவரைப் பிடித்து நடக்கவே ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் எங்கள் கவலையெல்லாம் கால் சேர வேண்டுமே என்பதுதான். எஃப்.ஐ.ஆர். நகலைக்கூட வாங்கி வைக்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்கச் சொல்கிறது. 1994-ல் கெடுவே வேண்டாமென்று எடுத்திருந்தார்கள். 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கு இது என்ன நியாயம்? இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நாடாளுமன்றமே இந்தக் கெடுவை நீக்க வேண்டும்.

இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் வழி உண்டு: பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுச் சுவரில் இதை எழுதி வைக்கலாமே.

அம்மாவிடம் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. தீர்ப்பாயம் அதை மதிப்பிட்டுக் கணக்குப் போடும். மார்க்கெட்டில் பூ வாங்கிய துண்டுச்சீட்டுகளை அம்மா சுருக்குப்பையில் வைத்திருந்தார். வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில் மனு போட்டோம்.