சோம்பலா, சோகையா? சோதித்துச் சொல்லுங்கள்!



எனது வகுப்புப் பிள்ளை ஒருவரின் தாய் ஒரு வருடமாக நிறை குறைந்த கொழுந்தோடுதான் மலையிலிருந்து இறங்கினார். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, ஏற முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். மலையில் அவருக்குக் கிடைத்த பட்டம் "சோம்பேறி". செக்ரோலில் விழுந்தது அரைப்பேர். டிஸ்பென்சரியில் கிடைத்தது இரும்புச்சத்துக் குளிசை. கடைசியில் நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் மலத்தைச் சோதிக்கச் சொன்னார்கள். கொக்கிப்புழு!

இந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளியிலும் குறைவு. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளை வெளுக்க வைத்துவிடும். புழுவை விட்டுவிட்டு இரும்புச்சத்துக் குளிசை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இரத்தத்தைக் குடித்தது புழு. அரைநாள் சம்பளத்தைப் பிடித்தது யார்? அதனால்தான் இது தொழிற்சங்கத்தின் பிரச்சினை என்கிறோம்.

"உங்கள் சனம் சுத்தமில்லை, அதுதான் பூச்சி" என்று சொல்வது சுலபம். ஒரு குழாயில் பல வீடுகள் தண்ணீர் பிடிக்கும் லயத்தில், கதவில்லாத, குழி நிரம்பிய கக்கூசை வைத்துக்கொண்டு சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். இது பழைய கதை. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுக்கச் சம்மதித்த துரைமாரில் பலர், கக்கூசு கட்டும் செலவு என்றதும் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து மறுபடியும் புழுவை வாங்கிக்கொண்டார்கள். நூறு வருடம் கழிந்தும் பாடம் படித்தார்களா? பத்து வருடம் பாடசாலைகளில் குளிசை கொடுத்த பிறகும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு மேல் புழு இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

"எல்லோருக்கும் குளிசை கொடுத்தால் போதுமே, சோதனை எதற்கு?" என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்குக் காலம் தவறாமல் குளிசை கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரே தடவை போடும் குளிசை சாட்டைப்புழுவைப் பெரும்பாலும் முற்றாக அகற்றாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அந்தக் குளிசை கூடாது. சோகைக்குப் புழு தவிர வேறு காரணமும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்காத நோய் எந்தப் பதிவிலும் ஏறாது. பதிவில் ஏறாத நோய்க்கு நிர்வாகம் எப்போது பதில் சொல்லியிருக்கிறது?

சோதனை பெரிய வித்தையும் அல்ல. புழுக்களின் முட்டையை ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். சுத்தமான, காய்ந்த, மூடியுள்ள போத்தலில் சிறிதளவு மலம் போதும். சிறுநீரோ தண்ணீரோ மண்ணோ கலக்கக் கூடாது. தாமதமில்லாமல் கொண்டுபோக வேண்டும். வைத்திருந்தால் கொக்கிப்புழு முட்டை பொரித்துவிடும். ஒரு தடவை ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு நாட்களிலும் கொடுக்க வேண்டும்.

உருளைப்புழுவின் குஞ்சு முதலில் நுரையீரல் வழியாகப் போகும். அப்போது இருமலும் இழுப்பும் வரலாம், மலத்தில் முட்டை இருக்காது. முட்டை வர இரண்டு மூன்று மாதம் ஆகும். பிள்ளை இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். மலச் சோதனையில் அது பெரும்பாலும் தப்பிவிடும். காலையில் கழுவுவதற்கு முன் அவ்விடத்தில் ஒட்டும் டேப்பை ஒற்றி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

டிஸ்பென்சரியில் தனியாக நின்று வேலை செய்யும் வைத்திய உதவியாளரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. நுணுக்குக்காட்டியும் ஆளும் இல்லாமல் அவர் என்ன செய்வார்? நமது கோரிக்கை நிர்வாகத்திடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும்தான்:

1. களைப்பு, மூச்சு வாங்கல் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் இரத்தமும் மலமும் சோதிக்கப்பட வேண்டும்.

2. மாதிரிகளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு நிர்வாகத்தினுடையது. சோதனைக்குப் போகிற நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும்.

3. ஆட்களின் பெயர் இல்லாமல், எந்த லயத்தில் எத்தனை பேருக்குப் புழு என்ற கணக்கு சங்கக் கிளைக்குக் கிடைக்க வேண்டும்.

4. புழு கண்ட லயங்களில் கக்கூசும் தண்ணீரும் முதலில் சரிசெய்யப்பட வேண்டும்.

தலைவர், தலைவிமாரே! அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் டிவிசனில் எத்தனை கக்கூசு, அதில் எத்தனை பாவிக்கக்கூடியவை என்று எண்ணி எழுதிக் கொண்டுவாருங்கள். மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டாம். ஒரு பெண்ணின் இரத்தக் குறைவைச் சோம்பல் என்று எழுதி அரைப்பேர் போட்டவர்களே வெட்கப்படட்டும்.