எத்தனை மணிக்கு அறுந்தது?

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் படம்பிடிக்கும் தொழில் செய்கிறான் என் தம்பிமுறைக்காரன். அவன் வீட்டில் ஒரு சேர்வர் இருக்கிறது. சேர்வர் என்றதும் குளிரூட்டிய அறையைக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய கணினி ஒன்று, உள்ளே ஒரே விஷயத்தை இரட்டையாகப் பதிந்துவைக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா என்று பல வருடத்துப் படங்கள் அதில் கிடக்கின்றன. அவற்றைவிடப் பெறுமதியானவை ஊரார் கொண்டுவந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போன கடதாசிகள். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

தோட்டத்து ஆளுக்குக் கடதாசி என்பது வெறும் கடதாசி இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேரை அங்கும் 300,000 பேரை இங்குமாகப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் தலைவிதி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுபட்டது. இடையில் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் நடந்த இனவன்முறையைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலையே இறங்கி வந்தது. நெருப்பும் மண்ணும் பத்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்தச் சேர்வர்தான் அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தது. கடை கீழே ரோட்டோரத்தில், வீடு மேலே மேட்டில். சேர்வரும் ரவுட்டரும் வீட்டில். அங்கிருந்து அறுபது மீற்றர் அளவில் ஒரு கேபிள் கடைக்கு இறங்குகிறது. கடைக் கணினியிலிருந்து படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பும்.

"அண்ணே, திரும்பவும் போயிருச்சு. பெட்டி பழசு. புதுசா ஒண்ணு வாங்கிருவோமா?"

"எத்தன மணிக்குப் போகுது?"

"அது அப்பப்ப போகும்ணே."

இந்த 'அப்பப்ப'தான் எல்லாக் கோளாறுக்கும் தாய்வீடு. ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல அது இடம் கொடுக்கிறது. ஒருவர் ரவுட்டரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் வைரஸ் என்றார். மூன்றாமவர் எல்லாவற்றையும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொன்னார். சொல்லாமலே எல்லோரும் செய்வதும் அதுதான். அப்படிச் செய்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும், தடயமும் அதோடு போய்விடும். ரவுட்டர், கேபிள், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகிற ஆட்களிடமும் எனக்கு நம்பிக்கை கிடையாது. குணமானாலும் எது குணமாக்கியது என்று அவர்களால் சொல்ல முடியாது.

திரும்பத் திரும்ப வருகிற கோளாறுக்கு நேரங்காலம் உண்டு. தோட்டத்தில் செக்ரோல் போடுவதில்லையா? அன்றன்றைய பேரை அன்றன்றே பதியாவிட்டால் சம்பளத்தன்று சண்டைதான். அதேபோல ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன்: எத்தனை மணி, மழையா வெயிலா, கரண்ட் மினுங்கியதா, அந்த நேரம் என்ன வேலை நடந்தது.

கூடவே கடைக் கணினியில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றதில் சேர்வருக்கும் விடாமல் பிங் ஓடவிட்டோம். 'இருக்கிறாயா' என்று கேட்டு, 'இருக்கிறேன்' என்ற பதில் எத்தனை மில்லிசெக்கனில் வருகிறது என்று காட்டுகிற சின்ன நிரல் அது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், தன் வலையமைப்பில் இருந்த ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்கவே அதை எழுதினார். சேர்வர் மட்டும் பேசாவிட்டால் குற்றம் சேர்வர் பக்கம். ரவுட்டரும் சேர்ந்து பேசாவிட்டால் குற்றம் வழியில் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்தேதான் பேசாமல் இருந்தன. கொப்பியைப் பார்த்தால் அநேகமாக எல்லாமே பின்னேர மழைக்குப் பிறகு. சேர்வரின் லாக் சுத்தமாக இருந்தது, ஒரு அறுப்பும் இல்லை. கடைக் கணினியின் பதிவிலோ இணைப்பு அறுந்து அறுந்து வந்ததோடு, வேகமும் 1000 மெகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கியிருந்தது. இது நல்ல தடயம். கேபிளுக்குள் நான்கு சோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1000க்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். வேகம் இறங்கினால் ஏதோ ஒரு சோடி நோயாளி.

கேபிள் வழியே நடந்தோம். பலா மரத்தடியில் இரண்டு துண்டுகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. உள்வீட்டுக்கான கேபிளை வெளியில் இழுத்ததால் தோல் வெயிலில் வெடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் கம்பி செம்பு இல்லை, செம்பு பூசிய அலுமினியம். விலை மலிவு என்று கடைகளில் தாராளமாக விற்கிற சாமான். மின்தடை கூடியது, ஈரம் பட்டால் பொரிந்துபோகும், நெட்வேர்க் கேபிளுக்கான தரவிதிகள் இதை ஏற்பதில்லை. செம்புக் கேபிளுக்கு 100 மீற்றர் வரை அனுமதி உண்டு என்பதால் தூரத்தில் தப்பில்லை. தப்பு சாமானிலும் அந்த முடிச்சிலும்.

மழையைத் திட்டிப் பயனில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைக் குற்றவாளியாக்கினார்கள். உலகமே சிரித்தது. ஒரு குரங்குக்குத் தாங்காத மின்வலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இப்போது கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஃபைபர் ஓடுகிறது, இரு முனையிலும் அதற்கான சின்ன மாற்றிப் பெட்டி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடி இறங்குகிற சப்ரகமுவவில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்பை இழுத்தால் எங்கோ விழும் மின்னலின் அதிர்வும் அந்தக் கம்பியில் ஏறி இரு பக்கத்துப் பெட்டிகளையும் பதம் பார்க்கும்.

கொப்பியில் மிஞ்சியவை சில்லறைக் கேஸ்கள். பிங் ஒழுங்காக வருகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கச் சுணங்குகிறது என்றால் டிஸ்க் தூங்கியிருக்கிறது. அது அமைப்பில் மாற்றக்கூடிய விஷயம். தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தபோது ஒரு தடவை போனது வேறு கதை. ரவுட்டர் தானாக முகவரி வழங்குகிற வரிசைக்குள்ளேயே சேர்வருக்கும் கையால் ஓர் இலக்கம் போட்டிருந்தார்கள். மாமா மகனின் போன் வைஃபையில் ஏறியதும் அதே இலக்கம் அதற்கும் கிடைத்துவிட்டது. சேர்வருக்கென்று ஓர் இலக்கத்தை ரவுட்டரில் ஒதுக்கியதும் தகராறு தீர்ந்தது.

பழைய பெட்டி அப்படியே ஓடுகிறது. புதுசு வாங்கியிருந்தால் அதுவும் மழைக்குப் பிறகு காணாமல் போயிருக்கும்.

இடி கேட்டதும் கரண்ட் பிளக்கைக் கழற்ற நம் ஆட்கள் மறப்பதில்லை, நெட்வேர்க் வயரைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெளியே செம்புக் கேபிள் இழுத்திருப்பவர்கள் தயவுசெய்து அதையும் கழற்றி வையுங்கள்.