சபையை எழுப்பிய மேய்ப்பர்



ஜனவரி இதழைத் தயாரிக்கும்போதெல்லாம் நான் நன்றியோடு நினைத்துக்கொள்ளும் ஒரு மேய்ப்பர் உண்டு. 1945 ஜனவரி 1 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்த அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

நம் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1912-இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். தம்மிடம் வந்த எளிய மக்களை அவர் எப்படி ஆளாக்கினார் என்பதுதான் என் மனதை அதிகம் தொடுகிறது.

1902-இல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டார். அந்தச் சிறிய சபைக்கு இருந்த பாரம் நெல்லைச் சபைக்கு ஏன் இல்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, பொறுப்பும் நம்முடையது என்பதே அதன் அடிப்படை. மற்றவர்களை அனுப்பியதோடு அவர் இருந்துவிடவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்னக்கல்லுக்குத் தாமே புறப்பட்டார். தெலுங்கு கற்றார். துணைவியார் அன்பு மரியம்மாளும் அந்த மக்களோடு வாழ்ந்து, பெண்கள் நடுவே உழைத்தார்.

சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். சொந்த நிலமில்லாத கூலிகள். ஊரார் அவர்களை ஒதுக்கியது போதாதென்று, அந்த இரு பிரிவாரும் ஒருவரையொருவர் விலக்கியே வாழ்ந்தார்கள். அசரியா அவர்களை ஒரே ஆலயத்தில் அமர்த்தி, ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை கொடுத்தார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய், அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கு பேய்களையும் விரட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அவர் ஞானஸ்நான ஆராதனை நடத்தும் விதத்தை நான் அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. தண்ணீரின் ஈரம் காயாத தலையில் அவரவர் கையையே வைக்கச் சொல்வார். பிறகு, தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்றும், சுவிசேஷத்தைச் சொல்லாமலிருந்தால் தனக்கு ஐயோ என்றும் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லவைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர், பிறந்ததிலிருந்து பிறர் ஏவலையே கேட்டு வளர்ந்தவர், அன்று தானும் ஒரு தூதுவர் என்று அறிந்து வீடு திரும்புவார். அந்தக் கிராமங்களின் மேல்சாதியார் பலர் பின்னாளில் சபையைத் தேடி வந்ததற்கு, இந்த எளியவர்களின் வாழ்வில் அவர்கள் கண்ட மாற்றமே முக்கியக் காரணம். அசரியா காலத்திலேயே தோர்னக்கல் திருமண்டலத்தின் சபையார் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது.

ஏழைகளிடம் காணிக்கை கேட்க அவர் தயங்கவில்லை. கொடுப்பது ஏழைக்கும் உரிய கண்ணியம் என்று நம்பினார். கிறிஸ்தவர் கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் தாய்மார்களின் பிடி அரிசிக் காணிக்கை உங்களுக்குத் தெரியும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். அன்று வீட்டில் அரை வயிறு என்றாலும் அந்தப் பிடி தவறாது. அப்படிப்பட்ட கைகளை நம்பித்தான் எத்தனையோ உபதேசிமார் ஊழியத்துக்குப் போனார்கள்.

இந்தப் பெரியவரை எண்ணும்போது எங்கள் ஊர்ச் சபைப் போதகரான ஐயரும் என் நினைவுக்கு வருவார். திடப்படுத்தல் வகுப்பில் எங்களுக்குப் பாடம் நடத்தி முடித்ததும், படுக்கையில் கிடந்த ஒரு பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோகும் வேலையை எங்களுக்கு முறைவைத்துக் கொடுத்தார். கஞ்சியை வைத்துவிட்டு ஓடிவரக் கூடாது, பாட்டி குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு ஜெபமும் செய்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் கட்டளை. மனப்பாடம் செய்த கேள்வி பதில்களில் பலவற்றை மறந்துவிட்டேன். நோயாளியின் பக்கத்தில் உட்கார அன்று பழகியது இன்றும் என்னோடு இருக்கிறது.

இன்று வீட்டு ஜெபம் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் குடும்பத்துச் சண்டை என்றாலும் "ஐயரைக் கூப்பிடுங்கள்" என்கிறோம். அவர் ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவைக்கிறோம். அந்த அன்பு நல்லதுதான். அதோடு, அவர் சுமந்த பாரத்தில் ஒரு பங்கை நாம் ஏற்றுக்கொண்டால் அவர் மனம் இன்னும் குளிரும் அல்லவா?

உங்கள் வாழ்வைத் தொட்ட ஒரு போதகரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவரால் நீங்கள் கற்று, இன்றும் செய்துவருகிற ஒரு காரியத்தையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் ஆசையோடு வெளியிடுவோம். அவர் உயிரோடு இருந்தால், எங்களுக்கு எழுதுமுன் அவருக்கே ஒரு கடிதம் போடுங்கள்.

கர்த்தர் இந்த ஆண்டு முழுவதும் உங்களோடிருப்பாராக.

அன்புடன்,
ஆசிரியர்